விளம்பரத்தில் கருவியும் கருத்தாவும்

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்று பொருள்களை நன்னூல் கூறும். படம் எடுப்பவர் கருத்தா, கேமரா கருவி. இவ்வெல்லை விளம்பர மொழியில் நெகிழ்கிறது. தொழில்முறைக் கேமரா விளம்பரங்கள் பெரும்பாலும் பெயர்த்தொடர்களால் ஆனவை. சென்சாரின் அளவும் லென்சின் துளையும் கூறி, வினையை எடுப்பவருக்கே விட்டுவிடுகின்றன. திறன்பேசி விளம்பரங்களிலோ கருவியே எழுவாயாகி இருளை நீக்குகிறது, முகத்தைக் கண்டறிகிறது. பல படங்களை ஒன்றிணைத்துத் திறன்பேசி தானே ஒரு படத்தை உருவாக்குவதால் இதனை வெறும் மிகையென்று தள்ளவும் இயலாது.

இப்போக்கின் தொடக்கத்தைக் கோடக் நிறுவனத்தின் 1888ஆம் ஆண்டு முழக்கத்தில் காணலாம். பொத்தானை அழுத்துவது மட்டுமே வாங்குபவர் வேலை. மற்றதை 'நாங்கள்' செய்வோம் என்றது அது. (தமிழில் இங்கு 'நாம்' எனப் பெயர்த்தால் விளம்பரமே பொய்த்துவிடும்.) திறன்பேசி அந்த 'நாங்க'ளையும் நீக்கிவிட்டது.

2010இல் ஐரோப்பாவில் நிக்கான் நிறுவனம் 'நான் நிக்கான்' என்ற தொடரைக் கையாண்டது. இங்குப் பேசுவது கேமராவா, அதை ஏந்தியவரா என்பது தெளிவில்லை. தன்மை வினைமுற்றில் திணை வேறுபாடு இல்லையாதலால் தமிழிலும் இம்மயக்கத்தைக் காக்கலாம், படர்க்கையில் முடியாது. திருவனந்தபுரத்துக் கடைகளில் அருகருகே தொங்கும் மலையாள, தமிழ் இதழ்களுக்கு ஒரே விளம்பரத்தைப் பெயர்ப்பவர் இதனை உடனே உணர்வார். மலையாள வினை திணை, பால், எண், இட விகுதிகளை இழந்தது. 'ஞான் எடுத்து', 'அவள் எடுத்து', 'ஃபோண் எடுத்து' அனைத்துக்கும் வினை ஒன்றே. எழுவாயை விட்டுவிட்டால் கருவியும் கருத்தாவும் ஒன்றாகிவிடும். தமிழ் 'எடுத்தாள்', 'எடுத்தது' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

ஆப்பிள் நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஷாட் ஆன் ஐபோன்' வரிசை இன்னும் நுட்பமானது. 'ஐபோனில் எடுக்கப்பட்டது' என்பது செய்தி அறிக்கை போல் கனக்கிறது. 'ஐபோனில் எடுத்தது' இயல்பானது. இங்கு 'எடுத்தது' வினையாலணையும் பெயர், படத்தைக் குறிக்கும். 'இல்' உருபை நீக்கினால் 'ஐபோன் எடுத்தது' என வினைமுற்றாகி, கருவி கருத்தாவாகிவிடும். ஆங்கில மூலம் எடுத்தவரின் பெயரைச் சிறிய எழுத்திலேனும் தந்தது. அதையும் விட்டுவிட்டு 'இல்'லையும் விடும் மொழிபெயர்ப்பு குறையுடையதே.

இது வெறும் இலக்கண நுணுக்கம் அன்று. 2016இல் ஹுவாவே நிறுவனம் தன் பி9 திறன்பேசியைப் புகழும் குறிப்புடன் ஒரு படத்தை வெளியிட்டது. அது கேனான் தொழில்முறைக் கேமராவில் எடுத்ததெனப் படத்தின் உட்தரவுகள் காட்டிக்கொடுத்தன. திறன்பேசியில் எடுத்ததாக அக்குறிப்பு வெளிப்படையாகக் கூறவில்லை. படிப்பவர் அவ்வாறே கொண்டனர். குறிப்பு இன்னும் தெளிவாக இருந்திருக்க வேண்டும் என்று நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரக் கூற்றின் மொழியிலேயே அமையவேண்டும் என்கின்றன. ஆகவே அச்சிறு வரியும் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பாகிறது. 'சிமுலேட்டட் இமேஜ்' என்பதை 'மாதிரிப் படம்' எனப் பெயர்ப்பது எளிது. ஆனால் அக்கேமராவில் எடுத்த சான்றுப் படத்துக்கும் அதே பெயர்தான். 'இக்கேமராவில் எடுத்த படம் அன்று' என்பது நீளமாயினும் பொருந்தும்.