காதால் பார்த்த பேய்கள்

உலகத்துக் கடவுள், பேய், பூதங்களையெல்லாம் அகர வரிசையில் அடுக்கிய கலைக்களஞ்சியங்கள் புத்தகக் கடைகளில் குண்டு குண்டாகக் கிடைக்கின்றன. புரட்டிப் பாருங்கள், ஒரு பேய்கூட பயமுறுத்தாது. மிருகக்காட்சி சாலையில் கூண்டுக்கு வெளியே போர்டு மாட்டினாற்போல பெயர், ஊர், பழக்கவழக்கம் என்று நாலு வரி, ஒரு படம். அவ்வளவுதான். பேய் என்பது ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கேட்கிற நேரத்தில் மட்டும் உயிரோடிருக்கிற ஜந்து. இதற்கு நல்ல சாட்சி 1904-ல் வெளிவந்த 'க்வைதான்' என்கிற ஜப்பானியப் பேய்க்கதைத் தொகுப்பு.

இங்கிலீஷில் எழுதியவர் லஃப்காடியோ ஹெர்ன். 1850-ல் லெஃப்காடா என்ற கிரேக்கத் தீவில் கிரேக்க அம்மாவுக்கும் ஐரிஷ் அப்பாவுக்கும் பிறந்து, டப்ளினில் வளர்ந்து, பதினாறு வயதில் இடது கண் பார்வை போய், அமெரிக்காவில் பத்திரிகை நிருபராக அலைந்து, 1890-ல் ஜப்பான் போய்ச் சேர்ந்தவர். மாட்சுவே என்ற ஊரில் இங்கிலீஷ் வாத்தியார். நொடித்துப்போன சாமுராய்க் குடும்பத்துப் பெண் செட்சுவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, 1896-ல் கோய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றி ஜப்பானியப் பிரஜையே ஆகிவிட்டார்.

தொகுப்பின் முதல் கதையே உச்சம். ஹோய்ச்சி பார்வையில்லாத பாடகன். பிவா என்ற வாத்தியத்தை மீட்டி, 1185-ல் டான்-னோ-உரா கடற்போரில் மூழ்கிச் செத்த ஹெய்கே குலத்தாரின் கதையைப் பாடுவதில் மன்னன். ஒரு ராத்திரி யாரோ ஒரு வீரன் வந்து அரண்மனைக்கு அழைத்துப் போகிறான். பாடப் பாடச் சபையே அழுகிறது. பார்த்தால், அவன் உட்கார்ந்து பாடுவது மயானத்தில்! செத்தவர்கள் தங்கள் சாவுக் கதையைத் தாங்களே கேட்டு அழுகிறார்கள். ஹோய்ச்சியைக் காப்பாற்ற மடத்துக் குரு அவன் உடம்பு பூரா சூத்திரம் எழுதுகிறார். பேய்க்கு அவன் தெரிய மாட்டான். காதில் மட்டும் எழுத மறந்துவிடுகிறார்கள். இருட்டில் இரண்டு காது மட்டும் தெரிகிறது பேய்க்கு. மிச்சத்தை ஊகித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதைகள் ஹெர்னுக்கு எப்படிக் கிடைத்தன என்பது இன்னும் சுவாரஸ்யம். பழைய ஜப்பானியப் புத்தகங்களைத் தானே படிக்கிற அளவுக்கு அவருக்கு அந்த எழுத்து வசப்படவில்லை. செட்சுதான் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கிப் படித்துச் சொன்னார். ராத்திரி விளக்கைத் தணித்துவிட்டுச் சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் ஹெர்ன் ஒப்புக்கொள்ள மாட்டார், சொந்த வார்த்தையில்தான் சொல்ல வேண்டும். அதுவும் இருவருக்கு மட்டுமே புரிகிற உடைந்த ஜப்பானிய மொழியில். ஹோய்ச்சி கதையை எழுதிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், இருட்டியும் விளக்கேற்றாமல் இருந்தாராம். செட்சு அடுத்த அறையிலிருந்து மெல்ல 'ஹோய்ச்சி' என்று கூப்பிட, 'எனக்குக் கண் தெரியாது, யார் நீங்கள்?' என்கிற தோரணையில் பதில் வந்ததாம். 1914-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் செட்சு சொல்கிறார்.

ஆக, ஒரு கண் போனவர் மனைவியின் குரலைக் கேட்டு எழுதிய புத்தகம் இது. அதனால்தான் இதிலுள்ள பேய்கள் பார்ப்பதைவிடக் கேட்பதற்குப் பயங்கரமாக இருக்கின்றன.

இனி குறைகள். 'முஜினா' கதையில் இருட்டு ரோட்டில் அழும் பெண் திரும்பினால் கண், மூக்கு, வாய் எதுவுமில்லை, வழித்துவிட்ட முட்டை. இந்த முகமில்லாப் பேய்க்கு ஜப்பானில் நோப்பெரபோ என்று பேர். முஜினா என்பது வேஷம் மாறும் வளைக்கரடி வகைப் பிராணி. ஹெர்ன் வைத்த தலைப்பால் மேல்நாட்டில் பலர் முகமில்லாப் பேய்க்கே முஜினா என்று பேர் வைத்துவிட்டார்கள். புத்தகத்தின் கடைசியில் பூச்சிகளைப் பற்றிய கட்டுரைகள் வேறு. எறும்புக் கட்டுரையில் ஹெர்பர்ட் ஸ்பென்சர் தத்துவமெல்லாம் வந்து கொட்டாவி வருகிறது. தாண்டிப் போகலாம்.

நிஜமான குறை முன்னுரையில் இருக்கிறது. எந்தெந்தப் பழைய நூல்களிலிருந்து எடுத்தேன் என்று பட்டியல் போடுகிறார். 'யூகி-ஒன்னா' என்ற பனிப்பெண் கதையைச் சொன்ன ஒரு விவசாயிக்குக்கூட அவர் ஊரோடு ஒரு வரி ஒதுக்குகிறார். செட்சு? ஒரு வார்த்தை கிடையாது. அந்தக் கால வழக்கம் என்று சமாதானம் சொல்லலாம். விவசாயிக்கு இருந்த ஒரு வரி மனைவிக்கு ஏன் இல்லாமல் போயிற்று? அந்தப் பனிப்பெண் மனுஷியாக வந்து கல்யாணம் செய்து, பத்துக் குழந்தை பெற்று, தான் யாரென்று வெளியே தெரிந்த அன்று பனியாய்க் கரைந்து போகிறாள். செட்சுவும் இந்தப் புத்தகத்தில் அப்படித்தான் கரைந்திருக்கிறார்.

1964-ல் மாசாகி கோபயாஷி இதே பேரில் எடுத்த படம், அடுத்த வருஷம் கான் விழாவில் ஜூரியின் சிறப்புப் பரிசு வாங்கியது. நாலு கதையில் இரண்டுதான் இந்தப் புத்தகத்தில் உள்ளவை. மூன்று மணி நேரம், பொறுமை வேண்டும். ஆனால் டோரு டகெமிட்சுவின் இசையும் மௌனமும்! பேய் காது வழியாகத்தான் வரும் என்று புரிந்துகொண்ட படம்.

செட்சுவின் வாழ்க்கையைத் தழுவிய தொடரை ஜப்பான் டி.வி. 2025-ல்தான் ஒளிபரப்பத் தொடங்கியது. நூற்றிருபது வருஷம் தாமதம். புத்தகம் கிடைத்தால் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். முதல் கதையை நீங்களாகப் படிக்காமல் வீட்டில் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அட்டையில் செட்சு பெயரைப் பேனாவால் எழுதிக்கொள்வது உங்கள் இஷ்டம்.