கீழ் விளிம்பில் இரு பெயர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாவர ஓவியங்களைக் காலனியத்தின் கணக்கேடு என்று மட்டும் வாசிப்பது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. அண்மையில் ஒரு கலந்துரையாடலில் நண்பர் ஒருவரும் அவ்வாறே பேசினார். வெள்ளைத் தாளில் மண்ணில்லை, நிழலில்லை, செடி அகதியைப்போல் நிற்கிறது என்றார். கைதட்டல் கிடைத்தது. நான் தட்டவில்லை.

அவர் காட்டியது றொபேட் வைற்றின் 'இல்லஸ்ற்றேஷன்ஸ் ஒஃப் இந்தியன் பொட்டனி'. ஸ்கொட்லாந்துக்காரரான வைற் 1819 இல் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இந்தியா வந்தவர். 1838 முதல் 1850 வரை இந்நூலைப் பகுதி பகுதியாகச் சென்னையில் வெளியிட்டார். 180க்கு மேற்பட்ட கல்லச்சுப் படங்கள். அச்சான பின் ஒவ்வொரு பிரதிக்கும் கையால் நிறமூட்டினார்கள். 1853 வரை வெளிவந்த அவருடைய 'ஐகோனெஸ்' 2101 படங்கள் கொண்டது, அதற்கு நிறமில்லை.

வெள்ளைத் தாள் காலனிக்கு மட்டும் உரியதல்ல. 1787 இல் லண்டனில் தொடங்கிய கேற்றிஸின் தாவரவியல் சஞ்சிகை ஆங்கிலேயரின் சொந்தத் தோட்டத்துப் பூக்களையும் அப்படித்தான் வரைந்தது. ஒரு செடியை இன்னொன்றோடு ஒப்பிட மண்ணும் வானமும் இடைஞ்சல், அவ்வளவே. அகதி உருவகத்தை எல்லாவற்றிலும் ஒட்டி நாம் அதைத் தேய்த்துவிட்டோம்.

நண்பர் தாளின் கீழ் விளிம்பைப் பார்க்கவில்லை. 'வரைந்தவர்' என்பதன் இலத்தீன் சுருக்கத்தோடு ரங்கையா என்றும், பிந்திய தாள்களில் கோவிந்து என்றும் அங்கே ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கிறது. கம்பனிக்கு வரைந்த இந்தியர் பலர் பெயரின்றிப் போன காலம் அது. பூவை வெட்டிப் பிரித்துக் கொடுத்தது வைற்றாக இருக்கலாம். ஆனால் எந்த இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டுவது, கொப்பைத் தாளில் எப்படிச் சாய்ப்பது என்பதெல்லாம் வரைபவன் கண்டு செய்வது. இப்படங்களை வெறும் அதிகாரத்தின் பார்வை என்று சொல்லும்போது ரங்கையாவின் கையை நாமும் அழிக்கிறோம்.

அதிகாரம் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அது வேறிடத்தில் இருக்கிறது. 1853 இல் வைற் ஓர் ஓர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயா' எனப் பெயரிட்டார். பின்னர் அது 1833 இலேயே லிண்ட்லி பெயரிட்ட ட்ரொப்பிடியாவுள் அடங்குவதெனக் கொள்ளப்பட்டது. முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. ஓவியனுக்குக் கிடைத்த மரியாதை ஒரு துணைப்பெயராகச் சுருங்கியது. 2007 இல் ஹென்றி நொல்ற்றி மூன்று தொகுதிகளாக எழுதிய ஆய்வின் தலைப்பில்தான் வைற்றின் பெயரோடு இருவர் பெயரும் ஏறின.

நிறமூட்டியவர்களுக்கோ அதுவும் இல்லை. நான் பார்த்த எந்தத் தாளிலும் அவர்கள் பெயரைக் காணவில்லை. ஓரிடத்தில் பச்சை இலையின் கோட்டைத் தாண்டிச் சற்று வழிந்திருந்தது. அதே படத்தின் இன்னொரு பிரதியில் அப்படி இருக்காது.

நண்பர் தன் பேச்சைக் கட்டுரையாக எழுதுவதாக அறிகிறேன். அச்சுக்குப் போகுமுன் அந்தத் தாள்களை ஒருமுறை கையிலெடுத்துப் பார்ப்பாராக.