நெய்தவள் பெயர் என்ன?
நவஹோக் கம்பளங்களைச் சேர்ப்போர் மறந்த வினா

பழம்பொருள் சேர்ப்போர் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் மூன்று வினாக்களை எழுப்புவர். இஃது எக்காலத்தது? எவ்விடத்தது? என்ன விலை பெறும்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் அவர்கள் மனம் நிறைவடைந்துவிடும்.

நான்காவது வினா ஒன்றும் உண்டு. இதனைச் செய்த கை யாருடையது என்பதே அது. ஓவியம் சேர்ப்பவர் இதனையே முதலில் கேட்பர். கம்பளம் சேர்ப்பவரோ பெரும்பாலும் கேட்பதில்லை. வட அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ மக்களின் கைந்நெசவுக் கம்பளங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வேற்றுமை எங்ஙனம் தோன்றிற்று, அதனால் இழந்தது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தறியும் மனமும்

அரிசோனா, நியூமெக்சிகோ, யூட்டா ஆகிய மாநிலங்களில் பரந்து வாழும் இம்மக்கள் தம்மை 'டினே' என்று அழைத்துக்கொள்வர். மக்கள் என்பதே அச்சொல்லின் பொருள். நெசவுக் கலையைத் தமக்குக் கற்பித்தவள் சிலந்தி மாது என்பது அவர்தம் தொன்மரபு. அண்டையில் வாழும் புவெப்லோ மக்களிடமிருந்து கற்றனர் என்பது வரலாற்று ஆசிரியர் கொள்கை. நெசவுக்குரிய ஆடுகளோ ஸ்பானியர் கொண்டுவந்தவை. சுர்ரோ என்னும் அவ்வாட்டின் மயிர் நீண்டது, எண்ணெய்ப்பசை குறைந்தது, கையால் நூற்பதற்கு மிகவும் ஏற்றது.

நவஹோத் தறி நிமிர்ந்து நிற்பது. நெசவு செய்பவர் பெரும்பாலும் பெண்டிர். தறியின்முன் தரையில் அமர்ந்து, கீழிருந்து மேலாக நெய்துகொண்டு போவர். பாவு நூல் எங்கும் அறுபடாமல் மேலும் கீழுமாகச் சுற்றி வரும். ஊடை நூல் அதனை முற்றும் மறைத்துவிடும். நெய்து முடிந்த துணியின் நான்கு ஓரமும் தாமே நிறைவுற்று நிற்கும். வெட்டுவதற்கோ மடித்துத் தைப்பதற்கோ இடமில்லை.

இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று முதல் ஊடையைச் செலுத்துமுன்பே முடிவு செய்துவிட வேண்டும். கோலத்தைத் தாளில் வரைந்துகொள்ளும் வழக்கம் பழைய நெசவாளரிடம் இல்லை, மனத்திலேயே அமைத்துக்கொள்வர். நடுவில் கணக்குப் பிசகினால் மேற்பாதி கீழ்ப்பாதியோடு ஒவ்வாது. மேலே போகப் போகப் பாவு இறுகும். கை நுழைய இடம் குறையும். இறுதிச் சில அங்குலங்களை ஊசிகொண்டு நுழைத்து நுழைத்து நிரப்புவர். ஈற்றடி முச்சீராய் முடிதல் வேண்டும் என்பதை அறிந்தே வெண்பாவின் முதலடியைத் தொடங்கும் புலவனின் நிலை அது. எல்லையை முன்னரே ஏற்றுக்கொண்டு அதற்குள் உரிமையோடு இயங்குவதே இக்கலையின் உயிர்.

இத்தகைய கலையைக் 'கைத்தொழில்' என்று ஒதுக்கிவிட்டு, 'யார் நெய்தது?' என்று கேளாமல் விட்டது முதற்பிழை.

பிறர் இட்ட பெயர்கள்

சேர்ப்போர் வழங்கும் கலைச்சொற்களைப் பார்த்தாலே அவர்தம் நோக்கு விளங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிறந்த போர்வைகளுக்குத் 'தலைவன் போர்வை' என்று பெயர். அவை நவஹோத் தலைவர்களுக்காக நெய்யப்பட்டவை அல்ல. பிற இனத்தவருள் விலை கொடுக்க வல்ல செல்வர் விரும்பி வாங்கினமையால் அப்பெயர் வந்தது. வாங்கியவனைச் சுட்டும் பெயரே அன்றி, நெய்தவளைச் சுட்டுவதன்று.

மற்றொரு சொல் 'சோம்பற்கோடு' என்பது. அகன்ற துணியை நெய்பவள் ஒரு பகுதியைச் சில வரிசை உயர்த்திவிட்டுப் பின் அடுத்த பகுதிக்கு நகர்வாள். இரு பகுதிகளும் கூடுமிடத்தில் மெல்லிய சாய்கோடு ஒன்று தெரியும். ஒவ்வோர் ஊடையையும் முழு அகலத்திற்கும் இழுத்து அலையாமல், இருந்த இடத்திலிருந்தே செவ்வையாக நெய்யும் அறிவின் அடையாளம் அது. அதனைச் சோம்பல் என்று பெயரிட்டவர் தறியின்முன் ஒரு நாளேனும் அமர்ந்தவராக இருத்தல் இயலாது.

தலைவன் போர்வையை மூன்று படிகளாகப் பகுப்பர். முதற்படியில் பழுப்பு, வெண்மை, அவுரி நீலம் ஆகிய கிடைப்பட்டைகளே உண்டு. இரண்டாம் படியில் சிவந்த சிறு பட்டைகள் இடம்பெறும். மூன்றாம் படியில் நடுவிலும் ஓரங்களிலும் மூலைகளிலுமாக ஒன்பது இடங்களில் சாய்சதுரங்கள் அமையும்; நடுவில் முழுமையாகவும், ஓரங்களில் பாதியாகவும், மூலைகளில் காலாகவும் நிற்கும். அவை ஏன் குறைபட்டு நிற்கின்றன? போர்வையைத் தோளைச் சுற்றிப் போர்த்திப் பாருங்கள். இரண்டு ஓரங்களும் மார்பின்முன் கூடும்போது பாதியும் பாதியும் சேர்ந்து முழுமை பெறும். கோலத்தை முடித்து வைப்பது அணிந்தவர் உடல்.

1972ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் கலைக்கூடத்தில் நடைபெற்ற நவஹோப் போர்வைக் கண்காட்சி இவ்வகையில் நன்மையும் தீமையும் ஒருங்கே செய்தது. ஜாஸ்பர் ஜான்ஸ், கென்னத் நோலண்டு, பிராங்க் ஸ்டெல்லா போன்ற புகழ்பெற்ற ஓவியர்கள் இப்போர்வைகளை விரும்பிச் சேர்த்தவர்கள். புதுமை ஓவியங்களைக் காணும் கண்ணோடு இவற்றையும் சுவரில் மாட்டிக் காண உலகம் கற்றது. கலை என்னும் தகுதி கிடைத்தது நன்மை. ஆனால் சுவரில் மாட்டிய போர்வையில் பாதிச் சாய்சதுரம் என்றும் பாதியே. போர்த்துவதற்கென்று பிறந்த கோலத்தைத் தட்டைப் படமாகப் பார்க்கும் பழக்கமும் அங்கே வலுப்பெற்றது. ஓவியனுக்குப் பெயர் உண்டு. அவன் சேர்த்த போர்வையை நெய்தவளுக்குப் பெயர் இல்லை என்பதை எத்தனை பேர் எண்ணினர்?

சிவப்பு நூலின் வரலாறு

பழங்கம்பளங்களில் சேர்ப்போர் மிகவும் போற்றுவது சிவப்பு நிறம். அச்சிவப்பு எளிதாக வந்ததன்று. வணிகர்வழி வந்த சிவப்புக் கம்பளித் துணியை இழை இழையாகப் பிரித்து, அந்நூலையே மீண்டும் நெய்தனர். கோச்சினீல் என்னும் பூச்சியாலும் அரக்காலும் சாயம் ஏற்றப்பட்ட துணிகள் அவை.

1863ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் கிட் கார்சன் தலைமையில் சென்ற படை இம்மக்களின் வயல்களை எரித்தது, ஆடுகளைக் கொன்றது, பீச் மரத் தோப்புகளை வெட்டி வீழ்த்தியது. எண்ணாயிரத்திற்கும் மேற்பட்டோர் நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடத்தப்பட்டுப் பாஸ்கே ரெடோண்டோ என்னுமிடத்தில் அடைக்கப்பட்டனர். வழியிலும் அங்கும் பலர் மடிந்தனர். 1868ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரே தாய்நிலம் திரும்பினர். பதினையாயிரம் ஆடுகள் வாங்கித் தரப்படும் என்பது அவ்வுடன்படிக்கையின் ஒரு கூறு. ஆடு இன்றி அம்மக்களுக்கு வாழ்வு இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பின்னர், பென்சில்வேனியாவிலுள்ள ஜெர்மன்டவுனின் பெயரால் ஜெர்மன்டவுன் நூல் என வழங்கிய ஆலைநூல் வந்தது. செயற்கைச் சாயங்களின் ஒளிமிக்க நிறங்களைக் கண்ட நெசவாளர், ஏணிப்படி போன்ற பற்களையுடைய சாய்சதுரங்களை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிக் கண் கூசும் கோலங்களைப் படைத்தனர். 'மரபு கெட்டது, தூய்மை போயிற்று' என்று சுவைஞர் பலர் அவற்றைத் தள்ளினர். பிற்காலத்துச் சேர்ப்போரோ அவற்றையே பெருவிலை கொடுத்து வாங்கினர்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? பழையது தூயது, புதியது கெட்டது என்னும் அளவுகோல் நிலையானதன்று. பிரித்தெடுத்த ஸ்பானியச் சிவப்பும் ஒரு காலத்தில் அயல்நூலே. கிடைத்ததைக்கொண்டு தம் மனக்கோலத்தை நெய்வதே இம்மகளிரின் மரபு. நூல் மாறியதைக் கண்டவர்கள், கை மாறாததைக் காணவில்லை.

இராத்தல் கணக்கு

1880களில் இருப்புப்பாதை வந்தது. வணிகக் கடைகள் பெருகின. ஆலையில் செய்த போர்வைகள் மலிந்தமையால், கையால் நெய்த போர்வை தரைவிரிப்பாக மாறிற்று. கனாடோ என்னுமிடத்தில் கடை நடத்திய ஜான் லொரென்சோ ஹப்பெல், தமக்குப் பிடித்த பழைய கோலங்களைச் சிறு ஓவியங்களாக வரைவித்துச் சுவரில் மாட்டி, நெசவாளர்க்குக் காட்டினார். கிரிஸ்டல் என்னும் ஊரில் ஜே. பி. மூர் என்பவர் 1911ஆம் ஆண்டில் வண்ணப் படங்களோடு விலைப்பட்டியல் வெளியிட்டு, அஞ்சல்வழி விற்றார். கீழைநாட்டுக் கம்பளங்களின் சாயல் அக்கோலங்கள் சிலவற்றில் தெளிவாகத் தெரிகின்றது.

வணிகரால் தீமையே விளைந்தது என்று கூறுதல் நடுநிலை ஆகாது. சந்தை இல்லாதிருந்தால் தறிகள் பல ஓய்ந்திருக்கும். ஆயினும் விலை வைத்த முறையை நோக்குக. நெடுங்காலம் கம்பளங்கள் இராத்தல் கணக்கில் நிறுத்து வாங்கப்பட்டன. ஆட்டைப் பேணி, மயிர் கத்தரித்து, கழுவி, சிக்கெடுத்து, நூற்று, சாயம் ஏற்றி, மாதக்கணக்கில் நெய்த பொருளுக்குத் தராசே நடுவர்! நெருக்கமாக நெய்த மெல்லிய துணிக்கு உழைப்பு மிகுதி, நிறை குறைவு. ஆகவே தடித்த நூலால் விரைந்து நெய்பவளுக்கே ஆதாயம். மயிரைச் செவ்வனே கழுவாமல் மண்ணோடு நெய்கின்றனர் என்று வணிகர் குறைகூறினர். நிறைக்கு விலை வைத்தவர் மண்ணைக் குறைகூறலாமா?

கேத்தி மெக்ளோஸ்கி என்னும் ஆய்வாளர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஹப்பெல் கடையின் ஏடுகளையே சான்றாகக் கொண்டு, இம்மகளிரின் உழைப்பு எவ்வளவு தாழ்வாக மதிக்கப்பட்டது என்பதை எடுத்துரைக்கின்றார். பழங்கம்பளச் சந்தையின் பெருக்கமும், பிறநாட்டு மலிவுப் போலிகளும் இன்று வாழும் நெசவாளரின் விற்பனையைப் பாதிக்கின்றன என்பது அவர் வாதம். சேர்ப்போர் பலர்க்கு இது கசப்பாக இருக்கும். எனினும் மறுப்பது எளிதன்று. 2012ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் முதற்படிப் போர்வை ஒன்று 18 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு ஏலம் போயிற்று. அதனை நெய்தவள் யார் என்பது எவர்க்கும் தெரியாது.

பெயர் தெரிந்தால் என்ன?

'பெயர் தெரியாவிட்டால் என்ன? அழகு குறைந்துவிடுமா?' என்று சிலர் வினவலாம். நம் சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. தொகுத்தோர் என்ன செய்தனர்? அவரவர் பாட்டில் மின்னிய தொடரையே பெயராக்கினர். செம்புலப்பெயனீரார் என்னும் பெயர் அவ்வாறு வந்ததே. பெயர் மறைந்தபோதும் அவர் படைப்பினாலேயே அவரை அழைத்தனர். நவஹோக் கம்பளத்திற்கோ கனாடோ, கிரிஸ்டல், டூ கிரே ஹில்ஸ் என்று வணிகக் கடை இருந்த ஊரின் பெயரே நின்றது. இவ்விரு முறைகளுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று.

பெயர் தெரிந்த இடத்தில் திறனாய்வு எவ்வாறு வளர்கின்றது என்பதற்கு டெய்சி டாகல்சி அம்மையார் சான்று. டூ கிரே ஹில்ஸ் பகுதியினரான அவர், ஆட்டின் இயற்கை நிறங்களாகிய வெண்மை, சாம்பல், பழுப்பு முதலியவற்றைக்கொண்டு, ஓரங்குலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஊடைகள் அமையுமாறு நெய்தவர். அவர் கம்பளம் ஒன்றின் படம் 2004ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல்தலையில் இடம்பெற்றது. அவருடைய முந்திய படைப்பையும் பிந்தியதையும் ஒப்பிட்டு ஆராயலாம். பெயரற்ற கம்பளத்தில் காலத்தைக் கணிக்கலாம். ஒருவர் வளர்ச்சியைக் காண இயலாது.

ஓரக்கட்டுள்ள கம்பளங்கள் சிலவற்றில், உட்புறத்திலிருந்து வெளிவிளிம்பு வரை மெல்லிய இழை ஒன்று கட்டை ஊடறுத்துச் செல்லும். தன் எண்ணம் அக்கட்டுக்குள் அடைபட்டுவிடாமல், அடுத்த வேலைக்குச் செல்ல வழி விடுவதே அது என்பது நெசவாளர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. சேர்ப்போர் சிலர் அதனைக் குறை என்று எண்ணினர். சிலர் வியப்புக் கதையாக்கி விற்றனர். ஓரக்கட்டு பெருகியது வணிகர் விருப்பத்தால். வாங்குவோர் வேலி கேட்டனர். நெய்தவள் அவ்வேலியில் ஒரு வாயில் வைத்தாள் என்றே எனக்குத் தோன்றுகின்றது. கையொப்பம் இட இடம் பெறாதவளின் கையொப்பம் என்று அதனைக் கொள்ளலாம்.

சேர்ப்போர் கடமை

கம்பளம் வாங்க விழைவோர் பாவு அறுபட்டு உள்ளே செருகப்பட்டுள்ளதா என்று நோக்குக. அவ்வாறாயின் பெரும்பாலும் அது நவஹோத் தறியில் பிறந்ததன்று. சாய்கோடு உண்டா என்று தடவிப் பார்க்க. பழஞ்சிவப்பை நீரில் நனைத்துவிடற்க, சாயம் பரவும். இவையெல்லாம் நூல்களில் காணப்படுவனவே.

நூல்கள் வற்புறுத்தாத கடமை ஒன்று உண்டு. இன்றும் அம்மக்களிடையே தறிகள் ஒலிக்கின்றன. 1930களில் அரசு மந்தைகளைக் குறைத்தபோது அருகிப்போன சுர்ரோ ஆட்டினம், 1977ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியால் மீண்டும் பெருகிற்று. வாழ்கின்ற நெசவாளரிடம் வாங்குவோர் அவர் பெயரையும் ஊரையும் கேட்டு, எழுதி, கம்பளத்தோடு வைத்தல் வேண்டும். விற்கும்போதும் வழங்கும்போதும் அவ்வேடு கம்பளத்தோடு செல்லுதல் வேண்டும். இழந்த பெயர்களை மீட்க நம்மால் இயலாது. இனி ஒரு பெயரும் இழக்கப்படாமல் காப்பது இயலும். அதற்குப் பொருட்செலவு இல்லை. கேட்கும் மனம் ஒன்றே வேண்டும்.