கல்லில் ஒரு மொழிபெயர்ப்பு வகுப்பு

உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் மண்டபச் சுவரை எல்லோரும் குடவோலைக்காக, அதாவது குடத்தில் ஓலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்த முறைக்காகப் பார்க்கிறார்கள். எனக்கு அது ஒரு மொழி வகுப்பு. லத்தீனில் உயர்படிப்பு படிப்பவர்கள் ஒரு வாக்கியத்தோடு எப்படி மல்லுக்கட்டுவார்களோ, அப்படித்தான் இங்கும்.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு: கி.பி. 919, 921. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. மெய்க்குப் புள்ளி வைப்பது அரிது. வடசொல் வந்தால் கிரந்த எழுத்து. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். 'எரி' என்று கண்ணுக்குத் தெரிவதை, ஊரின் பெரிய ஏரியை மனத்தில் வைத்துத்தான் 'ஏரி வாரியம்' (ஏரியைக் கவனிக்கும் குழு) என்று படிக்க வேண்டும். எழுத்துக்கு முன்னால் பொருள் தெரிய வேண்டும் என்பது எவ்வளவு அழகான சங்கடம்!

'குடும்பு' என்றதும் குடும்பம் என்று நினைப்போம். அது ஊரின் ஒரு பகுதி, இன்றைய வார்டு மாதிரி. அப்படி முப்பது. 'அகம்' என்றால் மனமல்ல, வீடு. தெரிந்த சொல்தான் அதிகம் ஏமாற்றும். அகராதியைத் திறக்கவே தோன்றாது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் குறளின் அறத்தையும் பொருளையும் லத்தீனுக்குக் கொண்டுபோனபோது எத்தனை சொற்களில் இப்படி நின்றிருப்பார்!

அடுத்த முறை போனால் தகவல் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பாதீர்கள். சுவரருகே நின்று ஒரே ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். 'வாரியம்' கண்ணில் படும். மின்வாரியத்தில் இருப்பதும் அதே சொல்தான்.