கடலடி நகருக்குக் காற்று அனுப்புவது யார்?

விஞ்ஞானக் கதை எழுதப் புறப்படும் எம்மவர், கடலடி நகரம் என்றதும் குமரிக்கண்டத்துக்கோ பூம்புகாருக்கோ போய்விடுகிறார்கள். இழந்த பெருமையைத் தேடும் கதைகள் அவை. கடல் கொள்வதை நாம் அறிவோம். மணிமேகலை சொன்னது, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியும் போனது. ஆனால் கடலுக்கடியில் வாழ்வது வேறு சங்கதி.

ஷரஃபியாவில் இருக்கும் எமக்கு அதற்கொரு மாதிரி செங்கடலின் எதிர்க்கரையிலேயே கிடைக்கிறது. 1963இல், போர்ட் சூடானுக்கு வடகிழக்கே ஷாப் ரூமி என்ற பவளத்திட்டில், பத்து மீற்றர் ஆழத்தில், பிரெஞ்சுக்காரரான ஜாக் கூஸ்தோ நட்சத்திர மீன் வடிவில் ஓர் இரும்பு வீட்டை இறக்கினார். ஐந்து பேர் அதில் ஒரு மாதம் வாழ்ந்தார்கள், கூடவே ஒரு கிளியும். இன்னும் ஆழத்தில், சிறு கூடமொன்றில் இருவர் ஒரு வாரம் இருந்தனர். 1964இல் வெளிவந்த 'சூரியனற்ற உலகம்' என்ற ஆவணப்படம் இதைக் காட்டி ஒஸ்கார் விருதும் பெற்றது. அந்த வீட்டுக்குக் காற்றும் மின்சாரமும் மேலே நின்ற கப்பலிலிருந்து வந்தன. செலவில் ஒரு பங்கை ஏற்றது பிரெஞ்சு எண்ணெய்த் தொழில். எம்மை இந்தக் கரைக்குக் கொண்டுவந்ததும் எண்ணெய்தானே!

எமது கதைகளில் விடுபடுவது இந்தக் கப்பல்தான். கண்ணாடிக் கூரையும் மீன்கூட்டமும் பக்கம் பக்கமாக வருகின்றன. காற்றமுக்கியைப் பழுதுபார்ப்பவன் வருவதில்லை. ஜித்தாவில் குடிக்கும் நீர் கடலைக் காய்ச்சியோ வடித்தோ எடுத்தது. அறையின் குளிர் இயந்திரம் தருவது. தங்கும் உரிமை இக்காமா என்ற அட்டையில் இருக்கிறது. மூன்றில் ஒன்று நின்றால் என்னவாகும் என்று இங்குள்ள எவரையும் கேட்டுப் பாருங்கள். கடலடி நகரத்தின் அன்றாடம் அதுவே. எழுதுபவர் கற்பனையை வெகுதூரம் துரத்த வேண்டியதில்லை.

ஜூல்ஸ் வேர்ண் இதைப் பாதி கண்டிருந்தார். 1870இல் நிறைவுற்ற அவரது கடலடி நாவலில், மன்னார்க் கடலில் கல்லின் பாரத்தோடு இறங்கும் ஏழை முத்துக்குளிப்பவன் ஒருவன் வருகிறான். சுறாவிடமிருந்து காப்பாற்றி, ஒரு பை முத்தும் கொடுத்து அனுப்புகிறார் தலைவர் நெமோ. கப்பல் செங்கடலை நோக்கிப் போய்விடுகிறது. அவனுக்குப் பெயர் வைக்க வேர்ணுக்குத் தோன்றவில்லை. அவன் அந்தக் கப்பலில் ஏறி, இயந்திர அறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தால்? அங்கிருந்து தொடங்கும் ஒரு கதையை நாம் இன்னும் வாசிக்கவில்லை.