இருட்டிய பிறகு காளான்

கோவையில் பொழுது சாய்ந்ததும் எங்கே போகலாம் என்று கேட்டால், வாலாங்குளக் கரையில் ஒரு நடை, ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று என்று பலரும் சொல்வார்கள். நான் முதலில் காட்டுவது காளான் தள்ளுவண்டியைத்தான்.

அங்கே 'காளான்' என்ற பெயரில் தரும் பண்டத்தில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம். அது குறையில்லை, ருசிக்கு ஆதாரமே அதுதான். மாவில் பிசறிப் பொரித்த பக்கோடாவை, அகன்ற இரும்புக் கல்லில் கொதிக்கும் மசாலாவில் போட்டுக் கரண்டியால் கொத்தி நசுக்குகிறார் கடைக்காரர். சோளமாவு கரைத்த தண்ணீர் விழுந்ததும் மசாலா பளபளவென்று இறுகும். பக்கோடா முழுக்க ஊறிக் கூழாகிவிடக் கூடாது. ஓரத்தில் கொஞ்சம் மொறுமொறுப்பு மிஞ்சும்போதே தட்டுக்கு வந்துவிட வேண்டும். கைப்பக்குவம் அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது. மேலே பச்சை வெங்காயம், கொத்தமல்லி.

"அண்ணா, வெங்காயம் சேத்திப் போடுங்ணா!"

"போட்டுட்டாப் போச்சுங்க தம்பி."

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சிலுசிலுக்கும் ஆடி மாத இரவில், காந்திபுரத்தில் நின்றபடியே இதைச் சாப்பிட வேண்டும். மில் ஷிப்ட் முடிந்து வருபவரும் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே வண்டியைச் சுற்றித்தான் நிற்பார்கள். பார்சல் மட்டும் வாங்காதீர்கள்; வீடு போய்ச் சேர்வதற்குள் நமத்துப்போய்விடும்.