கஞ்சா மயக்கமும் ஓவிய இரசனையும்

பிரெஞ்சுக் கவிஞர் போதலேயர் 1860இல் வெளியிட்ட ‘செயற்கைச் சுவர்க்கங்கள்’ என்னும் நூல் கஞ்சாப் பிசின் தரும் மயக்கத்தை ஆராய்வது. மயங்கியவன் கண்ணுக்குத் தரங்குறைந்த விதான ஓவியமும் உயிர்பெறும். விடுதிச் சுவரில் ஒட்டிய மலிவான சித்திரத்தாளும் ஆழங்கொண்டு விரியும் என்று அதில் அவர் குறிப்பிடுகின்றார்.

இதனைக் கஞ்சாவின் பெருமையாகக் கொள்வோர் உளர். உண்மையில் அதன் வறுமையே இங்கு வெளிப்படுகின்றது. நல்லோவியத்தையும் சுவர்த்தாளையும் ஒரே வியப்புடன் நோக்கும் கண் ஓவியனின் ஆக்கத்தைக் காண்பதில்லை. தன் மனத்தையே காண்கின்றது. மயக்கம் புதிதாக எதனையும் அளிப்பதில்லை, உள்ளதையே பெருப்பித்துக் காட்டும் என்பதே போதலேயரின் முடிபு. 1845 முதல் ஓவியக் கண்காட்சிகளை விமர்சித்து, டெலக்ருவாவின் வர்ணங்களைப் போற்றியவரின் கூற்றாதலால் அது கனதி வாய்ந்தது. வர்ணம் செறிவுற்றுத் தோன்றுவது இன்பமே. ஆயினும், தரம் பிரித்தறியாத இன்பம் இரசனையாகாது.